வீட்டு வரியும் கல்வி வரியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் இம்மேடையில் பேசிய அறிஞர்கள் குறளின் பெருமையையும் கம்பனின் கவிச்சுவையையும் எடுத்துரைத்தார்கள். அவற்றைச் செவிமடுத்து உள்ளம் குளிர்ந்திருக்கும் உங்கள் முன், வரிக் கணக்கைப் பேச நான் வந்து நிற்பது, விருந்தின் நடுவே கடன்காரன் வாசலில் வந்து நிற்பதைப் போலத்தான் இருக்கும். ஆயினும், "நம் காலனியில் பலர் இப்போது சொந்த வீடு வாங்கிவிட்டார்கள், மாநகராட்சியின் பில் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை, நீர் கணக்குப் பிரிவில் இருப்பவர்தானே, சொல்லும்" என்று செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். மெட்ரிக் படிப்போடு நின்று ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். சட்ட நிபுணன் அல்லேன். அலுவலகக் கோப்புகளைப் படித்துப் பழகிய கண்ணோடு, இப்புனே நகரத்து வீட்டு வரியைப் படித்து அறிந்த அளவில் கூறுகிறேன்.

முதலில் ஓர் ஐயம் எழும். இத்தனை ஆண்டுகள் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோமே, அப்போதெல்லாம் இந்த வரி ஏன் நம்மிடம் வரவில்லை? நம் அரசியலமைப்பின் 285ஆம் விதி, மத்திய அரசின் சொத்துக்களின் மீது மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதிப்பதைத் தடுக்கிறது. ஆகவே ரயில்வே குடியிருப்புகளுக்குச் சொத்து வரி கிடையாது. நகரம் செய்யும் பணிகளுக்கு ஈடாகச் சேவைக் கட்டணம் என்ற பெயரில் நிர்வாகமே ஒரு தொகை செலுத்தும். நம் சம்பளத்தில் குவார்ட்டர்ஸுக்கான பிடித்தம் ஒன்று மட்டுமே நம் கண்ணில் படும். இதனால்தான், ஓய்வு பெறும் தருவாயில் சேமநிதியையும் கிராஜுவிட்டியையும் திரட்டி ஒரு சிறு வீடு வாங்கும்பொழுது, வரி பில் என்பதை வாழ்விலேயே முதன்முறையாகக் காண்கிறோம். அதுவும் மராத்தியில்!

அந்தப் பில்லின் தலைப்பில் "மிளகத் கர்" என்று இருக்கும். சொத்து வரி என்பது பொருள். நம் "ள"கரம் மராத்தியிலும் உண்டு என்பதை அந்த முதல் சொல்லிலேயே கண்டு மகிழலாம்.

இனி, கணக்கிற்கு வருவோம். நம்மில் பலர் எண்ணுவது போல, வீட்டை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைக் கொண்டு புனேயில் வரி விதிப்பதில்லை. நம் வருமானத்தைக் கொண்டும் அன்று. 1949ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் ஒரு கற்பனை செய்துகொள்கிறது. உங்கள் வீட்டில் நீங்களே குடியிருந்தாலும், அதை ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று அது கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனக்காரரை நம் வீட்டில் குடியேற்றி, அவர் தரக்கூடிய ஆண்டு வாடகையின் மீதே வரி விதிக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் பில்லின் ஏனைய பகுதிகள் எல்லாம் தாமே விளங்கிவிடும்.

அந்த வாடகை எப்படி நிர்ணயமாகிறது? பகுதிக்கேற்பவும், கட்டடத்தின் வகைக்கேற்பவும், எதற்குப் பயன்படுகிறது என்பதற்கேற்பவும், சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று மாநகராட்சி ஒரு விகிதம் வைத்திருக்கிறது. வீட்டின் பரப்பளவை அந்த விகிதத்தால் பெருக்கி, மீண்டும் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு வாடகை கிடைக்கும். அதிலிருந்து, பழுது பார்த்தல் முதலிய செலவுகளுக்காகச் சட்டப்படி 10 சதவிகிதம் கழிக்க வேண்டும். எஞ்சி நிற்பதே வரிக்குரிய ஆண்டு மதிப்பு. எல்லா வரிகளும் இந்த ஒரே எண்ணின் மேல்தான் ஏறி அமர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் வீட்டின் உண்மை விகிதம் உங்கள் பகுதியைப் பொறுத்தது. வீடு 500 சதுர அடி. விகிதம் சதுர அடிக்கு மாதம் 2 ரூபாய் என்று கொள்வோம். மாத வாடகை 1,000 ரூபாய். ஆண்டு வாடகை 12,000 ரூபாய். இதில் 10 சதவிகிதமாகிய 1,200 ரூபாயைக் கழித்தால் 10,800 ரூபாய். இதுவே வரிக்குரிய மதிப்பு.

பழைய கட்டடத்தில் இருப்பவர் குறைவாகவும், புதிய கட்டடத்தில் இருப்பவர் மிகுதியாகவும் செலுத்துவதைக் கண்டு, "ஒரே தெருவில் இப்படியும் ஓரவஞ்சனையா?" என்று கேட்போர் உண்டு. பழைய வீடுகளின் மதிப்பு, அவை கணக்கில் ஏறிய காலத்து வாடகை விகிதத்தை ஒட்டி நிற்கிறது. புதிய வீடுகளுக்குப் புதிய விகிதம். வேற்றுமையின் காரணம் இதுவே. ஆகையால் உங்கள் பில்லைப் பக்கத்துப் பழைய வாடாவில் குடியிருப்பவரின் பில்லோடு ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் கட்டடத்திலேயே அதே அளவுள்ள இன்னொரு வீட்டின் பில்லோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது, மதிப்பின் மேல் ஏறும் வரிகள். பில்லில் வரிசையாகப் பல பெயர்கள் காணப்படும். "சர்வசாதாரண கர்" என்பது பொது வரி. சட்டம் இதைக் குறைந்தது 12 சதவிகிதம் என்று வகுத்திருக்கிறது. மதிப்பு உயர உயர விகிதமும் உயரும்படி மாநகராட்சி படிமுறை வைத்துக்கொள்ளலாம். "அக்னிசாமக கர்" தீயணைப்புக்கு. "விருக்ஷ கர்" மரங்களுக்கு. "ஜலலாப கர்" குடிநீர் வசதிக்கு. "மலப்பிரவாக கர்" கழிவுநீர்ப் போக்கிற்கு. "பத கர்" சாலைக்கு. தனித்தனியே பார்த்தால் சிறியவை. கூட்டிப் பார்த்தால்தான் பெரியவை.

இவ்வரிசையில் கல்வியின் பெயரால் இரண்டு வரிகள் இருப்பதைக் கண்டு, "ஒரே வரியை இருமுறை வாங்குகிறார்களோ?" என்று மயங்குவோர் பலர். இரண்டும் வெவ்வேறு. முதலாவது மாநகராட்சியின் கல்வி வரி. மாநகராட்சி நடத்தும் பள்ளிகளின் செலவிற்கானது. இரண்டாவது மாநில அரசின் கல்வி வரி.  1962ஆம் ஆண்டில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி விதிக்கப்படுவது இது. மாநகராட்சி இதை அரசுக்காக வசூலித்துக் கொடுக்கும் கையாள் மட்டுமே.

மாநிலக் கல்வி வரியின் படிமுறை சுவையானது. ஆண்டு மதிப்பு 75 ரூபாய்க்கும் குறைந்த வீட்டிற்கு வரியே இல்லை. அதற்கு மேல் குடியிருப்பு வீடுகளுக்கு 2 சதவிகிதத்தில் தொடங்கி, 3, 4, 5 என்று ஏறி, மதிப்பு 6,000 ரூபாயைத் தாண்டினால் 6 சதவிகிதத்தில் நிற்கும். 75 ரூபாய் ஆண்டு வாடகை என்றால் மாதம் ஆறேகால் ரூபாய். அறுபதுகளின் வாடகையை நினைவூட்டும் எண் இது! அன்று எளியோரை விலக்குவதற்காக வைத்த படிகள் இவை. இன்று அடுக்குமாடியில் வாங்கும் சிறு வீடும் மேல் படியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. குடியிருப்பு அல்லாத இடங்களுக்கு இவ்விகிதம் இருமடங்கு. அவற்றிற்கு வேலை உறுதித் திட்டத்திற்கான வரியும் சேரும். ஆகவே முன்னறையைக் கடைக்கு வாடகைக்கு விட எண்ணும் அன்பர்கள், வாடகை வரவை மட்டும் பார்க்காமல் வரிச் செலவையும் முன்கூட்டியே கூட்டிப் பார்க்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டை முடிப்போம். மதிப்பு 10,800 ரூபாய். மாநகராட்சியின் எல்லா வரிகளும் சேர்ந்து 35 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் 3,780 ரூபாய். மாநிலக் கல்வி வரி 6 சதவிகிதம், 648 ரூபாய். ஆகமொத்தம் 4,428 ரூபாய்.

இனி நான் சொல்லப்போவதே இவ்வுரையின் உயிர்நிலை. தயவுசெய்து தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் தாமே அவ்வீட்டில் குடியிருந்தால், நியாய வாடகையில் 60 சதவிகிதத்தை மட்டும் கணக்கில் எடுத்து, 40 சதவிகிதத்தைச் சலுகையாக விட்டுவிடுவது என்று புனே மாநகராட்சி 1970இல் தீர்மானம் செய்தது. கற்பனைக் குடித்தனக்காரரின் இடத்தில் உண்மையில் சொந்தக்காரரே இருக்கிறார் என்பதற்கு அளித்த மதிப்பு இது. தணிக்கையாளரின் ஆட்சேபத்தை ஒட்டி மாநில அரசு 2019இல் இத்தீர்மானத்தை நீக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் புதிதாகக் கணக்கில் ஏறிய வீடுகளுக்குச் சலுகை கிட்டவில்லை. மக்கள் குரல் எழுப்பியதன் விளைவாக 2023இல் அரசு சலுகையை மீண்டும் அனுமதித்தது. ஆனால் அது தானாக எல்லோர் பில்லிலும் வந்து சேர்வதில்லை. 2019க்குப் பின் கணக்கில் ஏறிய வீட்டுக்காரரும், குடியிருப்பு ஆய்வில் சலுகை நீங்கப் பெற்றவரும், "நான் என் வீட்டில் நானே குடியிருக்கிறேன்" என்று பி.டி.-3 என்னும் படிவத்தில் எழுதி, குடியிருப்பதற்கான சான்றுகளோடு கொடுக்க வேண்டும்.

இந்தச் சலுகை எவ்வளவு பெறும்? அதே வீட்டின் ஆண்டு வாடகை 12,000 ரூபாய்க்குப் பதில் 7,200 ரூபாய் ஆகிறது. 10 சதவிகிதம் கழித்தால் மதிப்பு 6,480 ரூபாய். அதே விகிதங்களின்படி மாநகராட்சி வரிகள் 2,268 ரூபாய். மாநிலக் கல்வி வரி 388 ரூபாய் 80 காசு. மொத்தம் 2,656 ரூபாய் 80 காசு. ஆண்டுக்கு 1,771 ரூபாய் 20 காசு மிச்சம். ஐந்து ஆண்டுகளில் 8,856 ரூபாய். குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மையாருக்கு இது சிறு தொகை அன்று.

கற்பனையாகச் சொல்லவில்லை. நம் அன்பர் ஒருவர், கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், 2019இன் இறுதியில் புதுக் கட்டடம் ஒன்றில் வீடு வாங்கினார். 2021இல் அவர் காலமானார். அவர் மனைவியார் ஆண்டுதோறும் தவறாமல் வரி கட்டிவந்தார். ஒரு நாளும் பாக்கி வைத்தவர் அல்லர். 2023இல் சலுகை திரும்பியது அவருக்குத் தெரியாது. செய்தி வந்தது மராத்தித் தாள்களில். பில் இருப்பதும் மராத்தியில். மகன் வெளியூரில். சென்ற ஆண்டு பொங்கல் விழாவிற்கு வந்தவர், அதே கட்டடத்தில் அதே அளவுள்ள வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கையில், அவ்வம்மாள் கட்டும் வரி தம்முடையதைவிட வெகுவாகக் குறைந்திருப்பதை அறிந்து திகைத்தார். பிறகுதான் நண்பர் இருவர் உடன்சென்று, பெயர் மாற்றத்திற்கும் பி.டி.-3க்கும் விண்ணப்பம் கொடுத்தனர். அலுவலகத்தார் வந்து வீட்டைப் பார்த்துச் சென்றனர். இவ்வாண்டு பில் குறைந்து வந்தது. ரசீதில் தம் பெயரைக் கண்டபோது அவ்வம்மையார், பணம் குறைந்ததைக் காட்டிலும் பெயர் வந்ததற்கே கண் கலங்கினார் என்று உடன்சென்ற நண்பர் சொன்னார்.

பெயர் மாற்றம் என்று சொன்னேன். பத்திரம் பதிவானவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் இருந்துவிடுகிறோம். பத்திரப் பதிவு வேறு. மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர் ஏறுவது வேறு. வீடு கைமாறினால் மூன்று மாதத்திற்குள் மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் காலமானால் வாரிசுகள் ஓர் ஆண்டிற்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே பழைய பாக்கி ஏதேனும் உண்டா என்று பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. ஏனெனில் சொத்து வரிப் பாக்கி ஆளைத் தொடர்வதோடு வீட்டையும் பற்றிக்கொண்டு நிற்கும். விற்றவர் ஊரை விட்டுப் போனாலும் பாக்கி அவ்வீட்டிலேயே இருக்கும்.

மதிப்பு தவறாகத் தோன்றினால் என்ன செய்வது? முணுமுணுத்துக்கொண்டே கட்டுவதும் வேண்டாம்; கோபித்துக்கொண்டு கட்டாமல் விடுவதும் வேண்டாம். மதிப்பீட்டுப் பதிவேட்டில் தம் வீட்டைப் பற்றிய பகுதியைக் கட்டணமின்றிப் பார்க்கவும் குறித்துக்கொள்ளவும் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் சட்டம் உரிமை தந்திருக்கிறது. பரப்பளவு, விகிதம், பயன், குடியிருப்பவர் யார் என்ற நான்கையும் சரிபாருங்கள். புதிதாக மதிப்பிட்டோ உயர்த்தியோ நோட்டீஸ் வந்தால், அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்து மூலம் கொடுத்து முத்திரையிட்ட நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் மேலும் நியாயம் கிடைக்காவிடில் நீதிமன்றத்தில் முறையிடலாம். ஆனால் அதற்கு 15 நாள் கெடு உண்டு. கேட்ட வரியை முன்னதாகச் செலுத்தியும் இருக்க வேண்டும். முதற்படியில் ஆட்சேபம் கொடாதவருக்கு அடுத்த படி திறக்காது.

காலம் தவறினால் வரும் நட்டத்தையும் கூறிவிடுகிறேன். பாக்கியின் மேல் மாதம் 2 சதவிகிதம் அபராதம் ஏறும். ஆண்டுக்கு 24 சதவிகிதம்! எந்த வங்கி வைப்புநிதியும் இவ்வளவு வட்டி தருவதில்லை. மாறாக, ஆண்டின் தொடக்க மாதங்களில் முழுத் தொகையையும் செலுத்துவோருக்குப் பொது வரியில் 5 அல்லது 10 சதவிகிதம் தள்ளுபடி கிடைக்கும். கடைசி நாள் பில்லிலேயே இருக்கும்.

இடையில் ஒரு செய்தி. "மும்பையில் என் மைத்துனர் வீடு 500 சதுர அடிக்குள்தான், அவருக்கு வரியே இல்லை, எனக்கு மட்டும் ஏன்?" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். 500 சதுர அடிக்கு மேற்படாத குடியிருப்பு வீடுகளுக்கு மும்பை மாநகராட்சி எல்லையில் 2022 முதல் சொத்து வரி நீக்கப்பட்டது. அது அவ்வெல்லைக்கு மட்டும் உரியது. மேலும் மும்பையில் 2010 முதல் வாடகை மதிப்பை விட்டு, வீட்டின் மூலதன மதிப்பைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். டெல்லியில் 2004 முதல் பகுதிகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்துச் சதுர மீட்டர்க் கணக்கில் பார்க்கிறார்கள். இங்கேயே பிம்ப்ரி-சிஞ்ச்வட் தனி மாநகராட்சி. கட்கியிலும் புனே முகாமிலும் கன்டோன்மென்ட் போர்டுகள் உண்டு. ஆகையால் உறவினர் சொன்ன கணக்கை நம்பாமல், நம் பில் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அன்பர்களே, இவ்வளவு சொன்னதால், வரியைத் தட்டிக் கழிக்கும் வழியைக் கற்பிக்க வந்தேன் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் தெருவில் விளக்கு எரிவதும், குழாயில் தண்ணீர் வருவதும், ஏழைக் குழந்தைகள் மாநகராட்சிப் பள்ளியில் எழுத்தறிவதும் இந்தப் பணத்தால்தான். கல்விக்கென்று நாம் தரும் பணம், பிழைக்க வந்த நம்மை ஏற்றுக்கொண்ட இந்த ஊருக்கு நாம் செய்யும் கைம்மாறு. அதைச் சரியாகக் கொடுப்போம். சரியாக என்றால், ஒரு காசு குறையாமலும் ஒரு காசு மிகாமலும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். இந்த ஊரில் நமக்கு மராத்தி நன்கறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். இங்கேயே பள்ளியில் படித்தவர்கள் அவர்கள். கணக்கறிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பில் வந்ததும், ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்தில் இரண்டு மேசைகள் போட்டு அமர்வோம். வீட்டுக்கு வீடு பில்லைக் கொண்டுவரட்டும். இளைஞர் படிக்க, பெரியவர் கணக்குப் பார்க்க, பெயர் மாற்றமோ பி.டி.-3 படிவமோ வேண்டியவருக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிடலாம். கணவரை இழந்த தாய்மார்களின் பில்லை முதலில் பார்க்க வேண்டும். இதற்குச் சங்கத்தின் நிதியிலிருந்து செலவு ஒன்றும் இல்லை. தேநீர்ச் செலவை நான் ஏற்கிறேன்.